கசிவின் ஊற்று

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் எம்போன்ற ஆசிரியர்களுக்குப் பழைய காரே கதி. 2025இல் தடை நீங்கியும் விலை எட்டவில்லை.

எனது பழைய கொரோல்லாவின் பவர் ஸ்டியரிங்கிலிருந்து சிவப்பு ஒயில் ஒழுகத் தொடங்கியது. நகரத்துக் கராஜ் ஒன்றில், சக்கரங்களைத் திருப்பும் ரெக்கை முழுதாக மாற்ற வேண்டுமென்றார்கள். கேட்ட தொகை இரண்டு மாதச் சம்பளம்.

ஊரில் கராஜ் வைத்திருப்பவன் என் பழைய மாணவன், க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவன். அவன் எதையும் கழற்றவில்லை. முதலில் அடிப்பக்கம் முழுவதையும் துடைத்தெடுத்தான்.

"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற, சேர்."

எஞ்சினை இயக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பச் சொன்னான். திருப்பும்போதுதான் பம்பின் அமுக்கம் ஏறும். ரெக்குக்கு மேலே, பம்பிலிருந்து வரும் ஹோஸின் பூட்டில் ஈரம் பூத்தது. அந்த ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பற்றவும் கூடும்.

ஹோஸை மாற்றி, ஒயில் விட்டு, முன்சக்கரங்களை உயர்த்தி, மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினான். பம்பின் முனகல் அடங்கியது.

பிழைத்த விடையிலிருந்து பின்னோக்கிச் சென்று, பிழை தொடங்கிய வரியைக் கண்டுபிடிப்பதும் கணிதந்தான். அது அவனது பெறுபேற்றுத் தாளில் இல்லை, கையில் இருக்கிறது.