வண்ணப்பூச்சின் அடியில்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ பல்லைப் பாராமல் எவரும் வாங்குவதில்லை. பழைய இன்ஜின் பிளாக் ஒன்றை வாங்கச் சென்றபோதுதான் அதன் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று.

விஸ்வநத்தத்தில் என் அண்ணன் ஒரு சிறிய லாரி வைத்திருந்தார். சிவகாசி அச்சகங்களிலிருந்து காலண்டர் கட்டுகளை வெளியூர்களுக்கு ஏற்றிச் செல்வதே பிழைப்பு. ஆண்டின் கடைசி மாதங்களே அவருக்கு அறுவடைக் காலம். 2012ஆம் ஆண்டு அக்டோபரில், அந்த வண்டி நடுவழியில் கொதித்து நின்றது. கிணற்று உப்பு நீரையே பல ஆண்டுகளாக ரேடியேட்டரில் ஊற்றி வந்தோம். பிளாக்கினுள் நீரோடும் வழிகளைச் சுண்ணப் படிவு அடைத்து, சூடு தாங்காமல் அது விரிந்துவிட்டது. குறை எங்களுடையதே.

புதிய பிளாக் வாங்க வசதியில்லை. அண்ணி தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்த பணத்துடன், பட்டறை மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குச் சென்றோம்.

கடையில் இரண்டு பிளாக்குகள் இருந்தன. ஒன்று புது வண்ணத்தில் பளபளத்தது. மற்றொன்று எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது. அண்ணனின் கை பளபளப்பானதன் மேலேயே சென்றது. “பொறுங்கள் தம்பி” என்றார் மேஸ்திரி.

முதலில் இன்ஜின் எண்ணைப் பார்த்தார். எண் சுரண்டப்பட்டிருந்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எண்ணை மாற்றவும் இயலாது. அடுத்து, ஹெட் அமரும் மேற்பரப்பில் நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, அதன் அடியில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். பின்னர், சிலிண்டர் துளைகளின் விட்டத்தை மேலும் கீழுமாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தார். பிஸ்டனின் மேல் வளையம் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி என்று விளக்கினார். இம்மூன்றிலும் பளபளப்பான பிளாக்கே தேறியது.

இறுதியாக, வண்ணத்தைச் சற்றுச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவினார். அரைமணி கழித்து நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். சிறிது நேரத்தில், வெண்மையின் நடுவே மயிரிழை போன்ற ஈரக்கோடு ஒன்று எழுந்தது. நீர்த்துளையிலிருந்து போல்ட் துளைவரை ஓடிய விரிசல்! அதனுள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து அதனைக் காட்டிக்கொடுத்தது. அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணியின் சங்கிலி அந்தக் கோட்டில் அல்லவா போயிருக்கும்!

பிசுக்கேறிய பிளாக்கிலோ விரிசல் இல்லை. ஆனால் துளைகள் தேய்ந்திருந்தன. “தேய்மானத்துக்கு மருந்துண்டு தம்பி. துளையைக் கடைந்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் தீர்ந்தது. விரிசலை நம்பி நெடுவழி போக முடியுமா?” என்றார் மேஸ்திரி.

அதையே ரசீதுடன் வாங்கினோம். கடைசல் கூலியும் பிஸ்டன் விலையும் சேர்ந்து செலவு கூடியது உண்மைதான். ஆயினும் டிசம்பர் முழுவதும் வண்டி நில்லாமல் ஓடிற்று. பொங்கலுக்குப் பிறகு சங்கிலியும் வீடு திரும்பியது.

இப்போது அண்ணன் கிணற்று நீரை ரேடியேட்டரின் அருகே கொண்டுவருவதில்லை. எந்தப் பழைய பொருளாயினும், பளபளப்பைக் கண்டால் சற்றே சுரண்டிப் பார்க்கிறார். வாங்குகிறவர் ஒரு மணி நேரம் பொறுத்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு காக்கப்படும் அல்லவா?