செதிலும் குடலும் மண்ணுக்கு

ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள்ளாகவே கொடுமுடியில் மீன்கடைகளைச் சுற்றிக் கூட்டம். பவானியிலிருந்து தெற்கே ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர் இது. படித்துறையில் திதி கொடுப்பவர்கள் முழுகி எழுகிறார்கள். பங்குனி பிறந்துவிட்டால் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் குடத்தோடு இறங்குவதும் இதே தண்ணீரில்தான்.

புளியங்கட்டையின் மேல் கத்தி விழுகிறது. கட்லா, ரோகு, ஜிலேபி. செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் உருவி, துண்டங்களைப் பையில் போட்டுக் கொடுக்கிறார் மீன்காரர். மிச்சமெல்லாம் கட்டைக்குக் கீழே குவிகிறது. ஈ மொய்க்கிறது. நாய் ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது.

எக்ஸ்எல் வண்டியில் ஒரு அம்மா வந்து நிற்கிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வண்டியின் முன்னால் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி.

“வாங்கக்கா. இன்னைக்கு நெறையா இருக்குதுங்.”

“உப்புக் கலந்தது ஏதாச்சும் சேந்திருக்குதா கண்ணு?”

“இல்லீங்கக்கா, தனியாத்தான் வெச்சிருக்கறேன்.”

மீன் வாங்க நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறார்கள். அந்த அம்மா குனிந்து, கொட்டியிருப்பதைக் கையாலேயே வாளியில் அள்ளுகிறார். அள்ளும் கையில் அருவருப்பு இல்லை, அவசரமும் இல்லை.

தோட்டம் ஊருக்கு வெளியே. வாழை, மஞ்சள், வரப்போரம் தென்னை. தோட்டத்து வீடான சாளைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் மூன்று டிரம்கள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒத்தாசைக்கு ஓடி வருகிறாள். தராசில் மீன்கழிவு ஒரு தட்டு, நாட்டுச் சர்க்கரை ஒரு தட்டு. முள் நேராக நிற்கும்வரை அந்த அம்மா கையை எடுப்பதில்லை.

“நாறாதுங்களா அத்தை?”

“சர்க்கரை சரியாச் சேந்தா நாறாது சாமி. கொறஞ்சுதுன்னாத்தான் நாறும்.”

அந்த ஒரு வரியில் மொத்த விஞ்ஞானமும் இருக்கிறது. சர்க்கரை, மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அழுக வைக்கும் கிருமிகள் பெருக முடிவதில்லை. மீன் குடலில் இருக்கும் செரிமான நொதிகளும் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. சர்க்கரைக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை கொடுக்கும் கவுந்தப்பாடி இதே ஈரோடு மாவட்டத்தில்தான் இருக்கிறது.

முதல் டிரம்மில் கலந்து முடித்து மூடியை இறுக்காமல் வைக்கிறார். உள்ளே கிளம்பும் வாயு வெளியேற வேண்டும். இரண்டாவது டிரம்மைத் திறக்கிறார். மூன்று வாரம் தாண்டியது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மெல்லத் திரும்பிப் பார்க்கிறாள். பழுத்த பழத்தின் வாடை. தேன் நிறத்தில் கரைசல். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறார்கள். இதுதான் மீன் அமிலம். கொரியாவில் சோ ஹான் கியூ வளர்த்தெடுத்த இயற்கை வேளாண்மை முறையில் இடம்பெற்ற இது, இன்று தமிழ்நாட்டின் சாளைகளிலும் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

மூன்றாவது டிரம்மில் பஞ்சகவ்யம். அதற்கு இந்த ஊரே பெயர்பெற்றது. கோயிலில் பிரசாதமாகக் கொடுத்துவந்ததைப் பயிருக்கான ஊக்கியாக மாற்றி, அளவு வகுத்து உழவர்களிடம் கொண்டுசேர்த்தவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். மனிதருக்கு மருந்து எழுதியவர் மண்ணுக்கும் யோசித்த ஊர் இது.

பிள்ளை, தரையில் சிந்திய செதில்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு மண்புழுத் தொட்டிப் பக்கம் போகிறாள். அந்த அம்மாவின் குரல் முதல் முறையாக உயர்கிறது.

“அதுல போடாத கண்ணு! புழுவுக்கு ஆகாது.”

தொட்டியின் மேல் கிடந்த ஈரச்சாக்கை விலக்கிக் காட்டுகிறார். மக்கிய சாணி, வாழைச்சருகு. அதற்குள் செந்நிறப் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் உள்ளே நழுவுகின்றன. தோலால் சுவாசிக்கும் உயிர் அது. பச்சை மீன்கழிவு அழுகும்போது சூடு எழும்பும், அம்மோனியா கிளம்பும், புழு தாங்காது. வாடைக்கு எலியும் எறும்பும் வந்து சேரும். எறும்புக்குப் பயந்துதான் தொட்டியைச் சுற்றி வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார். சாணியைக்கூடப் புதிதாகப் போடுவதில்லை. பதினைந்து இருபது நாள் ஆற வைத்த பிறகுதான் புழுவுக்குப் பரிமாறுகிறார்.

மீனுக்கு ஒரு வழி, புழுவுக்கு ஒரு வழி. இரண்டும் சேரும் இடம் பாத்தி. மண்புழு உரத்தை வேரடியில் தூவி மண் அணைக்கிறார். பொழுது சாய்ந்ததும் பத்து லிட்டர் தெளிப்பானில் நூறு மில்லி மீன் அமிலம் கலந்து கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கிறார். வேர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இலை மேலிருந்து வாங்கிக்கொள்ளும். வடிகட்டியதில் மிஞ்சிய முள்ளையும் வீணாக்கவில்லை. தென்னை வட்டப்பாத்தியில் ஆழமாகக் குழி பறித்து மூடுகிறார்.

1881இல் சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை மண்புழுக்களுக்கென்றே எழுதினார். நம் காலத்தில் அதே பாடத்தைத் தமிழில் ஊர் ஊராகச் சொல்லி வந்தவர் சுல்தான் அகமது இஸ்மாயில். அந்த அறிஞர்கள் சொன்னதை இந்தத் தோட்டத்தில் ஒரு அம்மா தினமும் சாக்கை நனைத்துச் செய்துகொண்டிருக்கிறார்.

கடைகளில் சேரும் மீன்கழிவு சாக்கடையில் விழுந்தால் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். நாம் முழுகும் ஆறு, குடத்தில் மொண்டு தலையில் சுமக்கும் ஆறு. அதே கழிவு ஒரு டிரம்முக்குள் போனால் பயிராகிறது. இடையில் தேவைப்படுவது ஒரு வாளியும், அதே எடைக்குச் சர்க்கரையும், மூன்று வாரப் பொறுமையும் மட்டுமே.

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களாலும் இது முடியும். அரைக் கிலோ மீன்கழிவு, அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரை, ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியை இறுக்க வேண்டாம். தயாரானதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும். அடுத்த ஞாயிறு மீன் வாங்கப் போகும்போது துண்டங்களோடு செதிலையும் குடலையும் தனிப்பையில் கேட்டு வாங்கி வாருங்கள். அது ஆற்றுக்குப் போகக் கூடாது. மண்ணுக்குப் போக வேண்டும்.