கடைக்கு வராத படங்கள்

கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே வேங்கிக்காலில் என் அக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும் வீடு அது. ஆகவே தீபத்தன்று, யார் எந்த வழியில் உறவு என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அளவுக்குக் கூட்டம் சேரும். இந்தத் தடவை பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கிற்று. உள்ளே நூற்றுக்கணக்கில் தீப்பெட்டி லேபிள்கள்! மாமா சிறு பையனாக இருந்தபோது பெட்டிக் கடை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பொறுக்கிச் சேர்த்த ஆஸ்தி.

"இந்தக் குப்பைய யாரு கட்டிக்கிட்டு அழறது? பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்" என்றாள் அக்கா.

"அதுல கை வெச்சே, அப்புறம் தெரியும் சேதி" என்றார் மாமா, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் பாட்டுக்கு டப்பாவோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். புலி, ரோஜாப் பூ, விமானம், சாவி, கோழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒரு வேடிக்கை. ஒரே படம் நாலு தடவை வருகிறது. ஆனால் நாலும் ஒன்றல்ல! நிறம் அதே, சட்டம் அதே, எழுத்தின் வளைவுகூட அதே. பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. படத்தை அடையாளம் வைத்துப் பெட்டி வாங்கும் எழுத்தறியாத ஜனங்களை ஏமாற்றுகிற வித்தை இது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பிறகு, அந்தப் பக்கத்தில் தொழில் பெருகியது. கூடவே லேபிளும் பெருகியது. லேபிளைப் பார்த்து லேபிள் போடுகிறவர்களும் பெருகினார்கள்.

நம் ஊரில் இப்படி வியாபாரத்துக்காகக் காப்பி அடித்தார்கள் என்றால், அமெரிக்காவில் சிரிப்புக்காகவே காப்பி அடித்து, அதையே பெரிய வியாபாரமாக்கிய ஒரு கம்பெனி உண்டு. டாப்ஸ் என்று பெயர். நியூயார்க்கின் புரூக்லினில் 1938-ல் தொடங்கிய சூயிங்கம் கம்பெனி. சூயிங்கம்மோடு படம் போட்ட அட்டைகளை வைத்து விற்றார்கள். குழந்தைகள் கம்மைத் துப்பிவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்தின. 1967-ல் 'வாக்கி பாக்கேஜஸ்' என்று ஒரு வரிசை வந்தது. தாய்மார்கள் தினம் கடையில் வாங்கும் சாமான்களின் பெட்டிகளை அப்படியே எழுதி, பெயரை மட்டும் கோணலாக்கியிருப்பார்கள். 'கிரெஸ்ட்' என்ற பற்பசை 'கிரஸ்ட்' ஆயிற்று; அதாவது பல்லில் படியும் பொருக்கு. 'ரிட்ஸ்' பிஸ்கட் 'ராட்ஸ்' ஆயிற்று, அதாவது எலி. எலி பிஸ்கட் என்று சொன்னால் எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்? ஆட்சேபங்கள் கிளம்பின. சில அட்டைகளை அவசரமாக நிறுத்தினார்கள். அந்த வரிசையில் கிடைப்பதற்கு மிக அரியவற்றில் இந்த எலி பிஸ்கட்டும் ஒன்று.

ஆனால் அட்டை சேர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல, அதன் தம்பி. அந்தக் கதைக்கு ஒரு பொம்மையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த சேவியர் ராபர்ட்ஸ் என்பவருடைய 'கேபேஜ் பேட்ச் கிட்ஸ்' பொம்மைகளை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். முட்டைக்கோஸ் பாத்தியில் பிறந்த குழந்தைகளாம்! ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். விலைக்கு வாங்கினேன் என்று சொல்லக் கூடாது. தத்து எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பத்திரமும் கூடவே வரும். 1983-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு இந்தப் பொம்மைக்காக அமெரிக்கக் கடைகளில் அடிதடியே நடந்தது. நம் ஊரில் ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

அந்தச் சமத்துக் குழந்தைகளைக் கேலி செய்து 1985-ல் டாப்ஸ் கொண்டுவந்ததுதான் 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்'. குப்பைத் தொட்டிப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே உப்பிய கன்னம், அதே குட்டைக் கை. ஆனால் ஒன்றுக்கு மூக்கு ஒழுகும், இன்னொன்று வாந்தி எடுக்கும். ஜான் பவுண்ட் என்ற ஓவியர் தீட்டிய முதல் படங்களில் ஒன்றில், ஒரு பையன் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்துகிறான். அவன் உச்சந்தலையிலிருந்து அணுகுண்டுப் புகை கிளம்புகிறது. பெயர் 'ஆடம் பாம்'. தீபாவளி 'ஆட்டம் பாம்' வெடித்த பிள்ளைகளுக்கு இந்தச் சிலேடையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பைத்தியமாக வாங்கினார்கள். தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். பல பள்ளிக்கூடங்கள் தடை போட்டன. தடை போட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பொம்மைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கேலிதானே என்றது டாப்ஸ். 1986-ல் ஜார்ஜியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்காமல் இடைக்காலத் தடை விதித்தது. மறு வருஷம் சமரசம் ஆயிற்று. இனிமேல் குப்பைப் பிள்ளைகள் முட்டைக்கோஸ் பிள்ளைகளின் ஜாடையில் இருக்கக் கூடாது! அதே 1987-ல் இவர்களை வைத்து எடுத்த டெலிவிஷன் கார்ட்டூன், அமெரிக்காவில் ஒளிபரப்பாவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. அட்டை வரிசைகள் மட்டும் 1988 வரை ஓடி, பதினைந்தாவதோடு நின்றன. பதினாறாவது திட்டத்தில் இருந்தது. விற்பனை படுத்துவிட்டது; அது கடைக்கு வரவேயில்லை.

வழக்குதான் அதைக் கொன்றது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நையாண்டி செய்ய ஒரு மூலம் வேண்டும். மாமியார் வாசலில் வந்து நிற்கும் வரைக்கும்தான் மருமகள் அவள் நடையைப் பழித்துக் காட்டுவதில் ருசி. ஜாடை போகட்டும் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, பொம்மை மோகமும் ஊரில் தணிந்துவிட்ட பிறகு, அந்தப் பிள்ளைகள் யாரைக் கேலி செய்யும்?

பழைய அட்டைகள் அரிதானதற்குப் பெரும் காரணம் என் அக்கா மாதிரியான தாய்மார்கள் என்று சேகரிப்பவர்கள் குறைப்படுவார்கள். முழுக்க நியாயமில்லை. டாப்ஸ் கம்பெனியே விற்காமல் தேங்கிய 1952-ம் வருஷத்து பேஸ்பால் அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியது! அந்த வருஷத்து மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022-ல் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. எந்தத் தாயும் இவ்வளவு பெரிய குப்பையைக் கொட்டியதில்லை.

இந்தக் கதையில் என் மனத்தை உறுத்துவது வேறு. அட்டை தொலைந்தது, ஏலம் போயிற்று. அதை எழுதிய கை என்ன ஆயிற்று?

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கொண்டையராஜு இளமையில் இங்கே ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போய், கோவில்பட்டியில் குடியேறி, 1976-ல் காலமாகும் வரை படம் எழுதினார். சிவகாசி அச்சில் அவருடைய முருகனும் லக்ஷ்மியும் காலண்டராக வந்து எத்தனையோ வீட்டுப் பூஜையறையில் அமர்ந்தார்கள். டிசம்பரோடு காலண்டர் முடிந்தாலும் படத்தை எறிய மனம் வராமல் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மூலையில் அவர் கையெழுத்து இருந்தது. தீப்பெட்டி லேபிள் எழுதியவருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

டாப்ஸ் அட்டைகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ஆர்ட் ஸ்பீகல்மன். எலி பிஸ்கட் வரிசையிலும் குப்பைப் பிள்ளைகளிலும் அவர் பங்கு உண்டு. இருபது வருஷம் அந்தக் கம்பெனியில் இப்படிச் சம்பாதித்த ஜீவனத்தில், ஹிட்லரின் மரண முகாமிலிருந்து பிழைத்த தம் தகப்பனாரின் கதையைப் படக் கதையாக எழுதி வந்தார். அதில் யூதர்கள் எலிகள்; நாஜிகள் பூனைகள். 'மவுஸ்' என்ற அந்தப் புத்தகத்துக்கு 1992-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1989-ல், டாப்ஸ் தன் கிடங்கிலிருந்த மூல ஓவியங்களை நியூயார்க்கில் ஏலம் விட்டது. எழுதியவர்களுக்குப் படமும் திரும்பி வரவில்லை, பணத்திலும் பங்கில்லை. ஸ்பீகல்மன் அத்தோடு கம்பெனியை விட்டு வெளியேறினார்.

2003-ல் டாப்ஸ் குப்பைப் பிள்ளைகளை மறுபடி கொண்டுவந்தது. பதினாறு என்று தொடரவில்லை. புத்தம் புது வரிசை என்று ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். பழைய கணக்கு பதினைந்திலேயே நிற்கிறது.