சருகு வாரும் கைகள்

தலைநகர் தில்லியில் குடியேறிய தமிழர்களுக்கு அரசுக் குடியிருப்புகள் அளித்த பேறுகளுள் ஒன்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அடுத்த வீட்டுக்காரராக அமைந்தமை. எங்கள் சுவருக்கு அப்பால் வாழ்ந்தவர் குமாவோன் மலைநாட்டவர். கோடை பிறந்தால் எங்கள் வீட்டில் மாம்பழத்தைப் பற்றிப் பேச்சு எழும். அவர் வீட்டில் காட்டுத் தீயைப் பற்றி எழும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, “காடு எப்படி இருக்கிறது?” என்பதே. உற்றார் நலத்திற்கு முன் காட்டின் நலம் கேட்கும் அவ்வழக்கத்தின் பொருள், ஒரு மார்ச்சு மாத இறுதியில் அல்மோராவுக்கு அருகிலுள்ள அவரது சிற்றூருக்கு உடன் சென்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அம்மலைச் சரிவுகளில் ‘சீர்’ எனப்படும் பைன் மரங்கள் நெடிது வளர்ந்து நிற்கின்றன. வேனிற் காலத்தில் அவற்றின் ஊசியிலைகள் உதிர்ந்து தரையில் மெத்தைபோலப் படிகின்றன. ‘பிரூல்’ என அம்மக்கள் வழங்கும் அச்சருகில் ஒரு பொறி விழுந்தாற் போதும். பகற்பொழுதில் காற்று மேல்நோக்கி வீசுவதால் நெருப்பு சரிவில் விரைந்து ஏறும். எரியும் பைன் காய்களோ கீழே உருண்டு சென்று, தீயில்லாத இடத்திலும் தீயை மூட்டும். மேலும் கீழுமாகப் பரவும் இப்பகையை நெருங்கிச் சென்று வெல்லுதல் அரிது. வருமுன் காத்தலே வழி.

நான் கண்ட காட்சி அத்தகைய காவலே. ஆடவர் பலர் பிழைப்புக்காகச் சமவெளி நகரங்களுக்குச் சென்றுவிட்டமையால், வீட்டுக்கு ஒருவராக வந்திருந்தோர் பெரும்பாலும் பெண்டிரே. காட்டுப் பாதைகளின் இருமருங்கிலும் சருகை வாரி அகற்றினர். வாரியதைச் சுமந்து சென்று மாட்டுத் தொழுவங்களில் பரப்பினர். அதுவே பின்னர் வயலுக்கு எருவாகும். படிக்கட்டு வயல்களின் ஓரத்துப் புதரை எரிப்பதற்கும் ஒரு முறைமை இருந்தது. எவரும் தனியே தீ வைத்தலாகாது. அண்டை வீட்டார் பச்சைத் தழைக் கொத்துகளுடன் சூழ்ந்து நிற்க, ஒவ்வொரு வயலாக எரித்து, கனல் அவிந்த பின்னரே வீடு திரும்பவேண்டும்.

முதிய அம்மையார் ஒருவரிடம், “அரசின் வனக் காவலர் இருக்க, தாங்கள் ஏன் இத்தனை பாடுபட வேண்டும், அம்மா?” என்று வினவினேன். “காவலர் மாற்றலாகிப் போய்விடுவார், மகனே. புல்லுக்கும் தண்ணீருக்கும் நாளைக்கும் நான்தானே இங்கே வரவேண்டும்?” என்றார். அவ்விடையில் ஒரு நூற்றாண்டின் வரலாறே அடங்கியிருந்தது.

1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் ஆங்கில அரசு குமாவோன் காடுகளைத் தன் காப்பில் எடுத்துக்கொண்டு, மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. 1921 சனவரியில் பாகேசுவரத்தில் மக்கள் கட்டாயச் சுமைகூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் காடுகளுக்கே தீ வைத்தனர். அப்போதும் எரிந்தவை பெரும்பாலும் அரசுக்கு வருவாய் தந்த பைன் காடுகளே. தழையும் நீரும் தரும் ‘பாஞ்ச்’ என்னும் கருவாலி மரக் காடுகளைப் பெரும்பாலும் தீண்டவில்லை. அவ்வாண்டே குறைகேட்கும் குழு அமைந்தது. 1931இல் ஊர்க் காட்டை ஊராரே ஆளும் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. இன்று உத்தராகண்டத்தில் 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. காடு தம்மிடமிருந்து பறிக்கப்பட்டபோது தீ வைத்த கைகளே, உரிமையில் ஒரு பங்கு மீண்டதும் சருகு வாரும் கைகளாயின.

அல்மோரா மாவட்டத்துச் சீத்லாகேத் வட்டாரம் இவ்வகையில் முன்னிற்கிறது. மார்ச்சு 31க்குள் வயலோரப் புதர்களை எரித்து முடிப்பதென அங்குள்ள ஊரார் உறுதி பூண்டனர். ஏப்பிரல் முதல் நாளை இதற்குரிய நாளாகவே கொண்டாடுகின்றனர். மரக் கலப்பைக்காகக் கருவாலி மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்க, அல்மோரா வேளாண் ஆய்வு நிலையம் உருவாக்கிய இரும்புக் கலப்பையையும் ஏற்றனர். அக்கலப்பை அங்குள்ள சியாஹி தேவி மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஊராரின் ஒற்றுமை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 சூன் 13 அன்று அதே மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் உயிரிழந்தனர். தீ மூண்ட பின் அதனோடு போரிடுவோருக்குத் தக்க கருவியும் காப்பும் அளிப்பது அரசின் கடன். ஆயின் மூளாமற் காப்பதற்கு, காட்டின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த மக்கள் வேண்டும். அவர்கள் வருவது கட்டளைக்காகவோ கூலிக்காகவோ அன்று. தமது என்னும் உணர்வினால்.

நிழல் தரும் காட்டையும் நாட்டின் அரண்களுள் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். அவ்வரணைக் காப்போர் அதன் உள்ளேயே வாழ்கின்றனர். அவர்களுக்கு உரிமையைக் குறைத்துவிட்டுக் கடமையை மட்டும் மிகுதியாகக் கேட்பது அறமாகாது. பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறர் மண்ணின் நீரும் நிழலும் பெற்று வாழும் நாம் இதனைச் சிறிதேனும் எண்ணிப் பார்த்தல் தகும்.