மழலையர் நடையில் ஒரு மலைப் பயணம்

பள்ளிகள் அடைத்துக் கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதே. முன்னாளில் அதற்கு விடை எளிது. பாட்டி வீடு, இல்லையேல் வேளாங்கண்ணி. இன்றோ செய்தித்தாளைப் பிரித்தால் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று குடும்பங்களைக் கூட்டமாக அழைத்துச் செல்லும் சுற்றுலா விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கின்றன. விமானச் சீட்டு, விடுதி, உணவு, வழிகாட்டி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம் என்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இத்தகைய பயணம் போகலாமா எனப் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்பதுண்டு.

போகலாம், உலகைக் காண்பது நல்ல கல்வியே. ஆயினும் பிள்ளைகளோடு பயணம் செய்தல் ஒரு தனிக் கலை. அதைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் பழனி மலைத் தொடரும் அதன் மேலுள்ள கொடைக்கானலுமே போதும். சில ஆண்டுகளாக நம் பங்குக் குடும்பங்களோடு அம்மலைக்குச் சென்று வந்ததில் நாம் கண்டுகொண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

குடும்பங்களுக்காகப் பிறந்த ஊர்

வழிகாட்டியோடு கூட்டமாகச் செல்லும் சுற்றுலா நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குப் பிரசாரத்தில் ஈடுபட்டிருந்தார். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். 1845-இல் லிவர்ப்பூல் நகருக்கு வருவாய் நோக்கோடு ஒரு பயணத்தை நடத்தினார். இன்றைய கூட்டுச் சுற்றுலாத் தொழிலின் வேர் அங்கேதான் உள்ளது.

அதே 1845-ஆம் ஆண்டில்தான் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் தங்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மனைவி மக்களைக் காத்துக்கொள்ளக் குளிர்ந்த இடம் தேடி அவர்கள் மலையேறினர். பின்னர் 1901-இல் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென்றே அங்குப் பள்ளி ஒன்றும் எழுந்தது. அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே பளியரும் புலையரும் அம்மலையில் வாழ்ந்தனர். பூம்பாறை, மன்னவனூர் போன்ற உழவர் ஊர்களும் இருந்தன. எனினும் கொடைக்கானல் என்னும் நகரம் குடும்பங்களின் பொருட்டுத் தோன்றியது என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளோடு செல்லத் தக்க இடம் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஏறும் வழியே முதற் பாடம்

பேருந்து செல்லும் சாலை அமையுமுன், பெரியகுளம் பக்கத்திலுள்ள தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தும், குதிரையேறியும், ஆட்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்தும் மக்கள் மேலே சென்றனர். இன்று வத்தலக்குண்டு வழியே சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம். ஆனால் அந்தச் சில மணி நேரமே சிறுவர்க்குப் பெருந்துன்பமாகிவிடுவதுண்டு. வளைந்து வளைந்து செல்லும் வண்டியில் தலைசுற்றலும் வாந்தியும் பெரியோரைக் காட்டிலும் பிள்ளைகளையே மிகுதியாகப் பற்றும். ஆதலின் புறப்படுமுன் இரண்டு இட்டிலிக்கு மேல் கொடாதிருத்தல் நலம். எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. பிள்ளையை முன்னிருக்கையில் அமர்த்தி, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, தொலைவிலுள்ள மலையைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

பார்ப்பதற்கா பஞ்சம்? டம்டம் பாறையருகே வண்டியை நிறுத்தினால் எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளிக் கம்பிபோல் வீழ்வதைக் காணலாம். எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயர். உயரம் 297 மீட்டர். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் சுவையூட்டும் விருப்பாச்சி மலை வாழையும், காப்பித் தோட்டங்களும் இம்மலைத் தொடரின் இடைச் சரிவுகளுக்கே உரியன. இன்னும் ஏறினால் காற்று குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. கொடைக்கானலோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாடநூலில் மனப்பாடம் செய்த செய்தியைப் பிள்ளைகள் தம் தோலால் உணரும் இடம் இது. "சாமி, மேகம் நம்ம வண்டிக்குள்ளயும் வருமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சன்னலைத் திறந்து வைத்தோம். அடுத்த வளைவில் மேகமே விடை சொல்லிற்று.

பட்டியலைச் சுருக்குக

மேலே சென்றதும் நம்மை எதிர்கொள்வது இடங்களின் பட்டியல். தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா என்று பன்னிரண்டு இடங்களை ஒரே பகலில் காட்டிவிடுவதாக வழிகாட்டிகள் கூறுவர். ஒருமுறை நாம் ஒன்பது குடும்பங்களோடு சென்றிருந்தோம். வழிகாட்டி நல்ல இளைஞர், சுறுசுறுப்பானவர். ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், விசில் ஊதுவார். நான்காம் இடத்திற்குச் செல்லுமுன் சிறு பிள்ளைகளில் பாதிப் பேர் உறங்கிவிட்டனர். எஞ்சியோர் அழுதனர். தாய்மாருக்கோ எரிச்சல். "தம்பி, மற்ற இடங்களை விட்டுவிடுவோம், ஏரிக்கரையில் நடக்கலாம்" என்றோம். "சாமி, காசைக் கொடுத்துட்டு இடத்தைக் குறைக்கச் சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று அவர் சிரித்தார். ஆயினும் அன்று மாலை பிள்ளைகளுக்கு அவரே சிறந்த ஆசானாக விளங்கினார். இது கற்பூரத் தைலத்திற்குரிய யூக்கலிப்டஸ், இது சோலைக்காட்டு மரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வழிகாட்டியிடம் குறையில்லை, அவர் கையிற் கொடுக்கப்படும் பட்டியலே குறை.

அந்த ஏரி 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை அமைத்தது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. சுற்றி வர 5 கிலோமீட்டர். எட்டு வயதுப் பிள்ளை நின்று நின்று அதைச் சுற்றி வர அரைநாள் ஆகும். ஆகட்டுமே! இயற்கையாய் அமைந்ததென்று நாம் எண்ணும் ஏரி மனிதர் கட்டியது என்று அறிந்தபோது பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை.

மறுநாள் செண்பகனூர். 1895-இல் சேசு சபையார் அங்குத் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கலாம். தந்தை ஆங்கிலேடு அம்மலையின் தாவரங்களைத் தேடித் திரிந்தவர். அங்குள்ள பழங்காலக் கல்திட்டைகளை ஆராய்ந்து நூலும் எழுதியவர். தந்தை கே. எம். மத்தேயு பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். ஒரு மலையை அறிய ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது அவர்களுக்கு. நாமோ பகல் ஒன்றில் முடிக்க நினைக்கிறோம்! சூரிய ஆய்வுக்கூடத்தின் கதையும் அத்தகையதே. 1909-இல் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். நாள்தோறும் ஒரே சூரியனைச் சலிப்பின்றி நோக்கியவர்க்குக் கிட்டிய பரிசு அது.

சலேத் மாதா ஆலயத்திற்கும் சென்றோம். தந்தை லூயி சேன் சீர் 1860-களில் எழுப்பிய ஆலயம் அது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், லா சலேத் என்னும் சிற்றூரில், 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் மாதாவின் காட்சி பெற்றவர்கள் மாடு மேய்த்த இரு பிள்ளைகள். மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே மதித்து மலையில் நடந்த உரையாடலை நம் சிறுவர்க்குச் சொல்ல இதனினும் பொருத்தமான இடம் எங்குண்டு?

வேலிக்கு அப்பால்

மகிழ்ச்சியைப் பேசிய நாம் ஆபத்தையும் பேசியாக வேண்டும். தூண் பாறைக்கு அருகே 'பேயின் அடுக்களை' என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பாறைப் பிளவுகள் உள்ளன. 1991-இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்திற்குப் பின் அவை குணா குகை எனப்பட்டன. 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து கூட்டமாகச் சுற்றுலா வந்த இளைஞர்களுள் ஒருவர் அங்கு ஆழமான பிளவில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். 2024-இல் அது திரைப்படமாகவும் வந்து பெரும் புகழ் பெற்றது. உயிருடன் மீண்டதால் அது கதையாயிற்று. மீளாதவர்களின் பெற்றோருக்கு அது கதையன்று.

எனவே, வேலிக்கு அப்பால் ஓரடியும் கூடாது என்பதைப் பெரியோர் நடந்துகாட்ட வேண்டும். படம் எடுப்பதற்காகத் தந்தையே தடுப்பைத் தாண்டினால் மகன் எதைக் கற்பான்? மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பேற்பதும், வண்டியேறும்போதெல்லாம் தலைகளை எண்ணுவதும், ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் தொலைபேசி எண் எழுதிய சீட்டு வைப்பதும் நம் வழக்கம். ஊருக்குள்ளேயே உலவும் காட்டுமாடுகள் சாதுவாய்த் தோன்றினும் அருகே செல்லலாகாது. குரங்குகளுக்குத் தீனி கொடுப்பதும் கூடாது.

விருந்தினரின் கடமை

மலைக்கும் சுமை தாங்கும் அளவு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல், கோடைக் காலத்தில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகளுக்கு 2024 நவம்பரில் தடை வந்தது. குழுவாகச் செல்வோர் பேருந்தை அமர்த்துமுன் நடப்பு விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். சிறு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் அங்கே இடமில்லை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் கொண்டு செல்லலாம். இவற்றைத் தொல்லையென்று முணுமுணுக்காமல், "இது பிறர் வாழும் ஊர், நாம் விருந்தினர்" என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதே முறை. பூம்பாறையில் பூண்டு உரிக்கும் தாய்மாரோடு ஒரு மணி நேரம் பேசியிருந்த பிள்ளை, விலை பேசும்போது கீழ்க்குரலில் பேசும்.

கடல் கடக்கு முன்

நமக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள் என்பதற்காக, மனைவியின் நகையை அடகு வைக்கத் துணிந்தார். முன்பணம் செலுத்த நான்கு நாள்களே இருந்தன. "ஐயா, பிள்ளைகளைக் கேட்டீரா?" என்றோம். கேட்கவில்லை. அவ்வாண்டு அவர் குடும்பம் நம்மோடு மலைக்கு வந்தது. இரண்டாம் நாள் மாலை ஏரிக்கரையில் தம் மகனை அவர் தோளில் சுமந்து நடந்தார். "அப்பாவோட முழுசா ரெண்டு நாள் இருந்தேன்" என்பதே அச்சிறுவன் ஊர் திரும்பிச் சொன்ன செய்தி. நகை வீட்டில் இருந்தது.

வசதியுள்ளோர் வெளிநாடு செல்லட்டும். ஆனால் மலை கற்பித்தவற்றை மறவாதிருக்கட்டும். பட்டியல் குறுகியதா, நாளுக்கு ஓய்வு உண்டா, சிறுவர்க்கேற்ற உணவு கிட்டுமா என்று முன்னதாகவே கேட்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கே செல்லும்; பல நாடுகள் அதில் ஆறு மாதமேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்கின்றன. பணத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதிலும் விழிப்பு வேண்டும். தாமஸ் குக் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனமே 2019 செப்டம்பரில் வீழ்ந்தது. ஏறத்தாழ 1,50,000 பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் தவித்தனர். இந்தியாவில் அப்பெயரில் இயங்குவது வேறு நிறுவனம். அதற்கும் இவ்வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆயினும் பழம்பெயரும் வீழக்கூடும் என்பது பாடம்.

பழனி மலையில் நீலக் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கிறோம். 2018-இல் ஆறு வயதில் அதைக் கண்ட பிள்ளைக்கு 2030-இல் பதினெட்டு வயது. அதற்குப் பின் அப்பிள்ளை படிப்புக்கும் பணிக்கும் எங்கோ பறந்துவிடும். பெற்றோரின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை குறிஞ்சியைக் காண்பது பெரும்பாலும் ஒருமுறையே. அந்த விரலை அவசரமாய் இழுக்காதீர்கள், பெற்றோரே. பிள்ளை நிற்குமிடத்தில் நீங்களும் சற்று நில்லுங்கள்.