சலீம் மிர்சாவின் முகம்

திரைப்படங்களைப் பற்றிப் பெரியவர்கள் முன்னிலையில் பேசத் தயங்கும் இல்லத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் ஒரு நடிகரை மட்டும் எங்கள் வாப்பாவே பெயர் சொல்லிப் பாராட்டுவார்கள். அவர்தாம் பல்ராஜ் சாஹ்னி. "அந்த மனிதர் நடிக்கவில்லை, நம் எதிரே அமர்ந்து பேசுகிறார்" என்பார்கள்.

1913-இல் இராவல்பிண்டியில் பிறந்த சாஹ்னி, சாந்திநிகேதனில் ஆசிரியராகவும், இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் பி.பி.சி. வானொலியில் அறிவிப்பாளராகவும் பணியாற்றியவர். நாடு திரும்பிய பின், நாடக மேடை வழியே திரைக்கு வந்தார். 1947-இல் தேசம் பிரிந்தபோது அவர் பிறந்த ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இதை மனத்திற்கொண்டு அவருடைய சிறந்த படங்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சொந்த மண்ணைப் பிரிந்தவனின், பிரிய மறுப்பவனின் துயரமே அவர் முகத்தில் மிக இயல்பாகக் குடியேறியது.

பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' 1953-இல் வெளிவந்தது. கடனில் மூழ்கவிருக்கும் சிறு நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குச் சென்று கைரிக்‌ஷா இழுக்கும் உழவன் ஷம்புவாக அதில் அவர் வாழ்ந்தார். 1961-இல் வந்த 'காபூலிவாலா'வில், தொலைவில் விட்டு வந்த தன் மகளை வங்கச் சிறுமி ஒருத்தியிடம் காணும் ஆப்கானியர் அப்துல் ரஹ்மான் கான் ஆனார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா'. பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்சாவின் கதை அது. உறவினர் ஒவ்வொருவராக இரயிலேறிப் பாகிஸ்தான் போகின்றனர். வங்கியில் கடன் கிடைப்பதில்லை. பரம்பரை வீடும் கைவிட்டுப் போகிறது. வெளியேற மறுத்து ஒளிந்துகொள்ளும் மூதாட்டியைத் தூக்கிச் செல்கின்றனர். மிர்சா வாடகைக்கு வீடு தேடி அலைகிறார். முஸ்லிம் என்று அறிந்ததும் கதவுகள் மூடிக்கொள்கின்றன.

அப்படத்தை நாங்கள் தொலைக்காட்சியில் கண்டபோது, வாப்பா பணி மாறுதலாகி நகரத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர்களும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அன்புடன் வரவேற்றவர்கள், பெயரைக் கேட்டதும், "நேற்றுத்தான் வேறொருவருக்குப் பேசி முடித்தோம்" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் அவை. அதை வாப்பா எங்களிடம் சொன்னதில்லை. உம்மா வழியாகவே அறிந்தோம். திரையில் மிர்சா சினம் கொள்ளாமல், தலை தாழாமல், அடுத்த தெருவுக்கு நடந்தார். நாங்கள் திரையைப் பார்க்கவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்தோம். இரண்டும் ஒரே முகமாக இருந்தன.

மகள் ஆமினா உயிரை மாய்த்துக்கொண்ட காட்சியில் சாஹ்னி கதறி அழவில்லை. 1972-இல் தம் சொந்த மகளைப் பறிகொடுத்த தந்தை அவர் என்பதைப் பின்னர் அறிந்தபோது, அந்த மௌனத்தின் கனம் எங்களுக்கு விளங்கியது.

இறுதியில் மிர்சாவும் மனமுடைந்து இரயிலடிக்குக் குதிரைவண்டியில் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டு இளைஞர்களின் ஊர்வலம் வருகிறது. மகனை அதில் சேர்ந்துகொள்ள அனுப்புகிறார். பின்னர் தாமும் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். அப்போது வாப்பா ஒரே ஒரு சொல்தான் சொன்னார்கள்: "இறங்கிவிட்டார்."

1973 ஏப்ரல் 13 அன்று சாஹ்னி காலமானார். கலவரம் மூளும் என்ற அச்சத்தால் தணிக்கையில் தடைபட்டிருந்த அப்படம் 1974-இல்தான் வெளிவந்தது. தாம் ஏற்ற வேடங்களில் தலைசிறந்ததைத் திரையில் மக்களோடு அமர்ந்து காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இராவல்பிண்டியை இழந்த ஓர் இந்து, ஆக்ராவை இழக்க மறுக்கும் ஒரு முஸ்லிமாகத் தம்மை ஆக்கிக்கொண்டார். எங்கள் இல்லத்தில் அவர் பெயர் நிலைத்திருப்பது அதனால்தான். அந்த ஆண்டின் இறுதியில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. அதைத் தந்தவர் எங்கள் பெயரைக் கேட்டார். புன்னகையுடன் சாவியை நீட்டினார்.