புதன்கிழமை ரயில் ஏறாதீர்கள்!

தாஜ்மகாலைப் பார்க்கப் போவது என்று தீர்மானம் ஆனவுடன் பரணிலிருந்து பெட்டியை இறக்காதீர்கள். முதலில் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை இறக்குங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மதியத் தொழுகைக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. "மெட்ராஸ்லேர்ந்து வரோம் சார், நாளைக்கு ரிட்டர்ன் டிக்கெட்" என்று காவலரிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. அவர் அப்போதுதான் ஜப்பானிலிருந்து வந்த ஒரு கோஷ்டியையே திருப்பி அனுப்பிவிட்டு நிற்பார்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்புகிறது. நடுவில் ஒரு முழுப் பகல் ஓடி, அதற்கடுத்த நாள் விடிவதற்குள் ஆக்ரா கண்டோன்மென்ட். விரல் விட்டு எண்ணுங்கள். புதன் ராத்திரி ஏறினால் என்ன கிழமை வரும்? எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படிப் போய் இறங்கி, ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் டீ குடித்தபடி தூரத்திலிருந்து டூமை மட்டும் தரிசித்துவிட்டு வந்தார்கள். "பரவாயில்லை, மேல்பாதி நல்லாத்தான் இருந்தது!" என்றார் குடும்பத் தலைவர்.

அடுத்து, நேரம். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால் திறந்து, அஸ்தமனத்துக்கு அரைமணி முன்னால் மூடிவிடுகிறார்கள். காலையில் முதல் ஆளாக உள்ளே போவதுதான் உத்தமம். கூட்டம் குறைவு, கல்லும் சுடாது. ஆனால் டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். அந்த மாதங்களில் காலையில் இறங்கும் மூடுபனியில் தாஜ்மகால் என்ன, பக்கத்தில் நிற்கும் மச்சினனே தெரியமாட்டான். பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல வெளியே வரும் (தாஜ்மகாலைச் சொன்னேன்). மே, ஜூனில் போகிறவர்களுக்கு என்னிடம் யோசனை ஏதுமில்லை, அனுதாபம் மட்டும் உண்டு. அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச்... அவ்வளவுதான்.

புகை படிந்து சலவைக்கல் மஞ்சளாகிறது என்பதால் ஐந்நூறு மீட்டருக்கு முன்பே பெட்ரோல், டீசல் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து பாட்டரி வண்டி உண்டு, நடக்கவும் செய்யலாம். இந்த ஐந்நூறு மீட்டருக்குள்தான் நம் பர்ஸின் மேல் அக்கறை கொண்ட அத்தனை பேரும் நிற்கிறார்கள். "இந்த கேட் இன்னிக்கு மூடிட்டாங்க", "க்யூவில் நிற்காமல் கூட்டிட்டுப் போறேன்", "என் மாமா கடையில் சும்மா பார்த்தால் போதும்"... மூன்று வசனங்களுக்கும் ஒரே பதில், வேகமாக நடப்பது.

டிக்கெட் விவரம்: 2018 டிசம்பரில் மாற்றியதிலிருந்து, வளாகத்துக்குள் போக இந்தியர்களுக்கு 50 ரூபாய். சமாதி இருக்கும் சலவைக்கல் மேடைக்கு ஏறத் தனியாக 200. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கட்டணம் மாறக்கூடியது, கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான் ஆயுள். செல்போனிலேயே எடுத்துவிடலாம் என்பதால், கவுன்ட்டரில் நின்று நமக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியையும் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி சோதனைச் சாவடி. ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. சிகரெட், தீப்பெட்டி, கத்தி, காமிரா ஸ்டாண்டு எல்லாம் கூடாது. அதெல்லாம் நமக்குப் பிரச்னையில்லை. சாப்பாடும் கூடாது என்பதில்தான் தமிழ்க் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன! புளியோதரைத் தூக்கு, முறுக்கு டின், தயிர் சாதம், ஊறுகாய், கூடவே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலருகே பை வைக்க லாக்கர் ரூம் இருக்கிறது. ஆனால் நம்மவர்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நம்மிடம் அதைவிட நம்பகமான ஏற்பாடு இருக்கிறது.

ஒரு பாட்டி.

எந்தச் சுற்றுலாத் தலத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசல் மரத்தடியில் ஏழெட்டுப் பைகள், பத்து ஜோடிச் செருப்புகள், அவற்றுக்கு நடுவே ஒரு வயதான அம்மாள். "எனக்கு மூட்டு வலி, நீங்க போய்ட்டு வாங்க" என்று அவரே சொல்லியிருப்பார். இரண்டாம் முறை கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார். யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய், கடைசி ஐந்நூறு மீட்டரில் விட்டுவிடுகிறோம்!

எங்களோடு வந்தது என் பெரியம்மா. வயது எழுபத்திரண்டு. எங்களை ஏற்றிவந்த வேன்காரர், "அம்மாஜி வண்டியிலேயே இருக்கட்டுமே, சாமானுக்கும் ஒரு ஆள் ஆச்சு" என்றார் மிகுந்த கரிசனத்தோடு. பெரியம்மாவும் தலையாட்டிக்கொண்டு முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1974-ல் நடந்த பெரியம்மா கல்யாணத்தில் யாரோ ஒரு தாஜ்மகால் பரிசளித்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கல்யாணங்களில் இரண்டு தாஜ்மகாலும் மூன்று சுவர்க் கடிகாரமும் நிச்சயம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே குட்டி பல்பு, சுவிட்சைத் தட்டினால் தகதகவென்று எரியும். பல்பு எப்போதோ போய்விட்டது. ஒரு நாள் ஷோகேஸிலிருந்து பூனை தள்ளி, ஒரு மினாரும் உடைந்தது. பெரியப்பா பசை போட்டு ஒட்டினார். ஒட்டியது ஒட்டியதுதான், ஆனால் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. "ஒரு ஸ்தம்பத்தை நேரா நிறுத்தத் தெரியலை" என்று பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டும்போது சொல்லிக்காட்டுவார். பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். வருஷா வருஷம் பாஸ் உண்டு. "அடுத்த வருஷம் ஒரிஜினலையே காட்டறேன் வா" என்பார். பாஸில் திருப்பதி போனார்கள், மதுரை போனார்கள், பிரசவங்களுக்குப் போனார்கள். ஆக்ராவுக்குத்தான் போகவில்லை. பெரியப்பா போய் ஆறு வருஷமாகிறது.

ஆகவே, வேனில் உட்கார்த்தி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பைகள் லாக்கருக்குப் போயின. புளியோதரை வேன்காரருக்குப் போயிற்று. (மறுநாள் "அந்த மஞ்சள் சாதம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.)

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தப் பாராவைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி வண்டியில் வாசல் வரை வந்துவிடலாம். வளாகத்துக்குள் தொல்லியல் துறை அலுவலகத்தில் சக்கர நாற்காலி உண்டு. ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும், திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். முதலுதவிப் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. பெரிய சிவப்புக் கல் வாசலைத் தாண்டினால் தோட்டம் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் நீளம். வழி சமதரைதான். தோட்டத்துக்கு நட்டநடுவே உயரமான சலவைக்கல் மேடையும் தொட்டியும் பெஞ்சுகளும் இருக்கின்றன. 1992-ல் இளவரசி டயானா தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாரே, அந்த பெஞ்சில் உட்காரப் பெரிய அடிதடி நடக்கும். நீங்கள் பக்கத்து பெஞ்சில் உட்காருங்கள், காட்சி ஒன்றேதான். சமாதி மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு அந்த 200 ரூபாய் டிக்கெட்டே வேண்டாம்.

பெரியம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி அந்த நடு மேடையில் உட்கார வைத்தோம். என் தங்கை துணைக்கு இருந்தாள். நாங்கள் காலில் துணி உறை மாட்டிக்கொண்டு மேலே போனோம்.

மேலே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே சுவரில் கறுப்புக் கல் பதித்து எழுதியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், கீழே நிற்கும் நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று! பூ வேலைப்பாட்டை மூக்கு உரசும் தூரத்தில் பாருங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அரையிருட்டு. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். எதிரொலி எப்படி வருகிறது என்று பார்க்க நூறு பேர் "ஹோ" என்கிறார்கள், அதை அடக்கக் காவலர் விசில் ஊதுகிறார், விசிலும் எதிரொலிக்கிறது. நட்டநடுவே மும்தாஜின் கல்லறை, அதை ஒட்டி ஒரு பக்கமாக ஷாஜகானுடையது. கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாகவே கட்டிய அந்த இடத்தில், கணக்கில் இடிப்பது கட்டியவருடைய கல்லறைதான். நாம் பார்ப்பவை வெறும் மேல்கற்கள். நிஜ சமாதிகள் கீழே நிலவறையில். ஷாஜகானின் உர்ஸ் நடக்கும் மூன்று நாட்கள் மட்டும் அதைத் திறப்பார்கள். நாலே நிமிஷத்தில் எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள்.

திரும்பி வந்தால் பெரியம்மா உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கிறார்.

"உள்ளே என்னடா இருந்தது?"

"இருட்டு பெரியம்மா. ஒரே தள்ளுமுள்ளு. விசில்."

"அப்ப நான்தான் நல்லாப் பார்த்திருக்கேன்" என்றார். பக்கத்தில் ஒரு கைடு இந்தியில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மகன் மொழிபெயர்த்தான். மும்தாஜ் 1631-ல் பதினாலாவது பிரசவத்தில் இறந்துபோனாள், மறு வருஷமே வேலை ஆரம்பித்து, சமாதி 1648 வாக்கிலும் சுற்றுக்கட்டெல்லாம் 1653-லும் முடிந்தது என்று.

"பதினாலா!" பெரியம்மா தாடையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு ஆசை இருந்தவர் ஏழோட நிறுத்தியிருந்தா, அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். கல்லு எதுக்கு?"

கைடு அடுத்ததாக நாலு மினார்களையும் காட்டினார். அவை நேராக நிற்கவில்லையாம், கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்தே கட்டியிருக்கிறார்களாம். பூகம்பம் வந்து விழுந்தாலும் சமாதி மேல் விழாமல் வெளியே விழட்டும் என்று ஏற்பாடு. மகன் இதைச் சொல்லி முடித்ததும் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மினாராக நாலையும் பார்த்தார்.

"அப்ப உங்க பெரியப்பா சரியாத்தான் ஒட்டியிருக்கார்" என்றார்.

பிறகு அவரை எழுப்ப அவசரப்படவில்லை. மூன்று மணி நேரத்தில் இன்னும் முக்கால் மணி மிச்சம் இருந்தது.

கைடுகள் சொல்வதில் இது மாதிரி நல்ல சரக்கும் உண்டு, கலப்படமும் உண்டு. கட்டிய சிற்பிகளின் கையை வெட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் கறுப்புத் தாஜ்மகால் கட்ட அஸ்திவாரம் போட்டார்கள் என்பார்கள். 1990-களில் அங்கே தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது ஒரு தோட்டமும் எண்கோணக் குளமும்தான். மேதாப் பாக் என்ற அந்தத் தோட்டத்துக்கு சாயங்காலம் போங்கள். கூட்டமில்லாமல் யமுனைக்கு மறுகரையிலிருந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும், ஆக்ரா கோட்டையும் அப்படியே. எனவே புதன்கிழமை ரயில் ஏறிவிட்டவர்கள் மனசை விட வேண்டாம். மகன் ஔரங்கசீப் சிறை வைத்த கோட்டையில் 1658-லிருந்து 1666-ல் சாகும் வரை ஷாஜகானும் தூரத்திலிருந்துதான் பார்த்தார். நிலவில் பார்க்க ஆசையிருந்தால், பௌர்ணமியும் அதற்கு முன் இரண்டு ராத்திரி, பின் இரண்டு ராத்திரியும் உண்டு. தனி டிக்கெட், அரைமணி நேரம். வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாதமும் அதற்கும் லீவு.

கடைசியாக, கடைகள். 'சலவைக்கல் தாஜ்மகால்' என்று விற்பதில் பாதி மாக்கல். நகத்தால் கீறினால் கோடு விழும். கீறிப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார், அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். பேட்டா வாங்கலாம். அது வேறொன்றுமில்லை, நாம் திருஷ்டி சுற்றி நடுத்தெருவில் உடைக்கும் அதே வெண்பூசணிக்காய், அங்கே சர்க்கரைப் பாகில் ஊறி அட்டைப் பெட்டியில் வருகிறது. உலர்ந்த ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பாகு ரகத்தை வாங்கி அப்பர் பெர்த்தில் வைத்தால், போபால் தாண்டுவதற்குள் லோயர் பெர்த்காரர் எழுந்து உட்கார்ந்து உங்களை விசாரிப்பார்.